ஆறாயிரம் டாலருக்குக் கடலை மிட்டாய் வித்தேன், காலே வைக்காத மாநிலத்துலேர்ந்து வரிக் கடிதம்

#1 மிட்டாய்க்கடை | எடிசன், நியூ ஜெர்சி | 2025 டிசம்பர் 13

வணக்கம் மக்களே. எங்க வீட்டு கேரேஜ்லேர்ந்து ஒரு சின்ன ஆன்லைன் கடை நடத்தறேன். நானா எதுவும் செய்யறதில்ல. இறக்குமதியாளர் ஒருத்தர்கிட்ட கோவில்பட்டி கடலை மிட்டாய், எள்ளுருண்டை, மைசூர்பாகு, கை முறுக்கு எல்லாம் பெட்டி பெட்டியா வாங்கி, உடையாம சுத்தி அனுப்பறதோட சரி. நியூ ஜெர்சிக்கான விற்பனை வரியை மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா கட்டிட்டு வரேன்.

போன வாரம் வேற ஒரு மாநில வரித்துறையிலேர்ந்து கடிதம் (எந்த மாநிலம்னு வேணாம்). உள்ள நாலு பக்கக் கேள்வித்தாள். எங்க மாநிலத்துல உங்களுக்கு ஆள் இருக்கா, கிடங்கு இருக்கா, போன வருஷம் எத்தனை ஆர்டர் அனுப்பினீங்கன்னு. எண்ணிப் பார்த்தேன். 2024-ல அந்த மாநிலத்துக்கு மட்டும் 214 ஆர்டர், மொத்தம் 5,940 டாலர். அங்க ஒரு ஊர்ல நம்ம ஆளுங்க நிறைய. ஒருத்தர் வாங்கி வாட்ஸப்ல போட்டா தெருவே வாங்கும்.

200 ஆர்டரைத் தாண்டினா அவங்களுக்காக நான் வரி வசூலிச்சுக் கட்டணுமாம். அந்த ஊர்ல எனக்கு வீடு இல்ல, கடை இல்ல, ஓட்டும் இல்ல. விமானம் மாறறதுக்குக் கூட அங்க இறங்கினதில்ல. இது நியாயமா? யாருக்காவது இப்படி வந்திருக்கா?

#2 கொங்குத்தம்பி | ஆஸ்டின், டெக்சாஸ்

அக்கா, நான் இங்க கரடியாக் கத்துறது இதத்தானுங்க. 50 மாநிலம், 50 ராஜ்ஜியம். கலிபோர்னியாக்காரங்க பன்னிக்கு 24 சதுர அடி எடம் வுடோணும்னு 2018-ல ஓட்டுப் போட்டா, அங்க கறி விக்கோணும்னா அயோவால பட்டி வெச்சிருக்கறவன் கொட்டாய இடிச்சுக் கட்டோணும். 2023-ல உச்ச நீதிமன்றமும் செரின்னு போச்சு. மாநிலம் விட்டு மாநிலம் நடக்குற வியாபாரம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கையிலன்னு அரசியலமைப்புலயே எழுதியிருக்குதுங்க. முந்தாநேத்து ஏஐ விசயத்துல மாநிலங்களக் கட்டுப்படுத்தச் சொல்லி டிரம்ப் கையெழுத்துப் போட்டாருங்கள்ள, அதயே வரிக்கும் போட்டா உங்க பிரச்சினை தீந்துது.

#3 கணக்குப்பிள்ளை | சிகாகோ பக்கம்

அரசியல் அப்புறம். முதல்ல அக்காவுக்கு.

கடிதத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பதில் போகலைன்னா அவங்களே ஒரு தொகையைப் போட்டு அனுப்புவாங்க. ரிட்டர்ன் தாக்கல் பண்ணாத வருஷத்துக்குக் காலாவதியும் கிடையாது, பத்து வருஷம் கழிச்சும் தோண்டலாம். கடிதம் வர்றதுக்கு முன்னாடியே நாமளா போய் ஒத்துக்கிட்டா அபராதத்தைத் தள்ளுபடி பண்ற வழி ஒண்ணு இருக்கு. கடிதம் வந்தாச்சுன்னா அந்த மாநிலத்துல பொதுவா அந்தக் கதவு மூடிடும்.

இதுக்கெல்லாம் மூலம் 2018 ஜூன் 21 தீர்ப்பு, தெற்கு டகோட்டா மாநிலம் எதிர் வேஃபேர்ங்கற ஆன்லைன் கம்பெனி. அதுக்கு முன்னாடி 1992-லேர்ந்து குவில் தீர்ப்புதான் சட்டம். கடையோ கிடங்கோ ஆளோ உன் மாநிலத்துல இருந்தாத்தான் விற்கறவனை வசூலிக்கச் சொல்லலாம்னு அது சொல்லுச்சு. வேஃபேர் அதைத் தூக்கிடுச்சு. தெற்கு டகோட்டா போட்ட கோடு, வருஷத்துக்கு 1,00,000 டாலர் விற்பனை, இல்லைன்னா 200 பரிவர்த்தனை. மத்த மாநிலங்கள் யோசிக்காம அப்படியே காப்பி அடிச்சாங்க. அந்த 200-தான் உங்களை மாதிரி ஆளுங்களை மாட்டிவிடுது. வேடிக்கை என்னன்னா, கண்டுபிடிச்ச தெற்கு டகோட்டாவே 2023 ஜூலையில அந்த 200-ஐ எடுத்துடுச்சு. கலிபோர்னியாவும் டெக்சாஸும் 5,00,000 டாலர்ல நிக்கறாங்க. நியூயார்க்ல 5,00,000 டாலரும் வேணும், கூடவே 100 விற்பனைக்கு மேலயும் போகணும். உங்களுக்குக் கடிதம் போட்டது காப்பியைத் திருத்தாம வச்சிருக்கற மாநிலம்.

ஒரு கேள்வி. 214-ல எத்தனை உங்க சொந்த வலைத்தளம், எத்தனை அமேசான் மாதிரி சந்தைத் தளம்? தளம் வழியா போனதுக்கு வரியைத் தளமே வசூலிச்சுக் கட்டிடும். ஆனா 200-ஐ எண்ணும்போது அதையும் சேர்க்கணுமா வேண்டாமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்க்கலைன்னா நீங்க கோட்டுக்குக் கீழ வந்துடலாம்.

#4 மிட்டாய்க்கடை

என் தளத்துல 171, சந்தைத் தளத்துல 43. ஐயோ, அப்போ வழி இருக்கா? திங்கட்கிழமை ஃபோன் பண்ணிப் பாக்கறேன்.

#5 சபைக்காரன் | பெயர் வேண்டாம், கிழக்குக் கரை

கொங்குத்தம்பிக்குப் பதில் சொல்லணும், கொஞ்சம் நீளும். நான் ஒரு மாநில சட்டமன்றத்தில் மூன்று கூட்டத்தொடர் உதவியாளராக இருந்தவன்.

காங்கிரஸ் கையில்தான் இருக்கிறது என்கிறீர்கள். இருந்தது. குவில் தீர்ப்பிலேயே "இதை மாற்ற வேண்டுமானால் காங்கிரஸ் மாற்றிக்கொள்ளட்டும்" என்றுதான் நீதிமன்றம் விட்டது. 21 வருடம் கழித்து, 2013 மே மாதம் செனட்டில் 69க்கு 27 என்று ஒரு மசோதா நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் அதை எடுக்கவே இல்லை. கிணற்றில் போட்ட கல்.

இதற்குள் மாநிலங்களுக்கு மூச்சு முட்டியது. தெற்கு டகோட்டாவில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், சாலை எல்லாம் பெரும்பாலும் விற்பனை வரியை நம்பித்தான். ஆன்லைன் விற்பனையால் வருடத்துக்கு 4.8 கோடி முதல் 5.8 கோடி டாலர் வரை போகிறது என்று அவர்களுடைய வரித்துறை கணக்குச் சொன்னது. மொத்த மாநிலத்திலும் ஒன்பது லட்சம் பேர்தான். தலைநகர் பியர், நம் பக்கத்துப் பேரூராட்சி அளவு, 14,000 பேர். 105 உறுப்பினர்கள், வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள் கூடுவார்கள். மற்ற நாளில் விவசாயம், கடை, காப்பீடு என்று அவரவர் பிழைப்பு.

2015-இல் வேறொரு வழக்கில் நீதிபதி கென்னடி, குவிலை மறுபடி பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தனியாக எழுதினார். பியரில் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டெப் பீட்டர்ஸ் என்ற குடியரசுக் கட்சி மாநில செனட்டர் எஸ்.பி. 106 மசோதாவைக் கொண்டுவந்தார். ஆளுநர் 2016 மார்ச் 22 அன்று கையெழுத்திட்டார். அந்த மசோதாவைக் கிடைத்தால் படித்துப் பாருங்கள், நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் போல இருக்கும். இன்றைய அரசியலமைப்புக் கோட்பாட்டோடு இது மோதும் என்று அதிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு நடக்கும்வரை வசூல் கிடையாது, பழைய பாக்கி கேட்கப்படாது, மேல்முறையீடு நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்கு. கீழே சீக்கிரம் தோற்றால்தான் வாஷிங்டனுக்குச் சீக்கிரம் போகலாம். திட்டமிட்டுத் தோற்றார்கள். சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக் மீது வழக்குப் போட்டார்கள். இரண்டு வருடத்தில் 5க்கு 4 என்று ஜெயித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் அதே கென்னடி.

இன்னொன்று. தீர்ப்பு வந்தபோது டெப் பீட்டர்ஸ், எல்லா மாநில சட்டமன்றங்களும் சேர்ந்து 1975-இல் தொடங்கிய தேசிய மாநாட்டு அமைப்பின் தலைவராகவும் இருந்தார். தகவல் தொடர்பு, நிதிச் சேவை, மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகியவற்றுக்கென்று அங்கே ஒரு குழுவே உண்டு. அங்கே ஒரு மாநிலம் கண்டுபிடித்ததை மறுநாள் இன்னொரு மாநிலம் எடுத்துக்கொள்ளும். அந்த 200-ஐ எல்லோரும் காப்பி அடித்த வேகம் அப்படி வந்ததுதான்.

எங்கள் குழுத் தலைவர் இரும்புக்கடை வைத்திருந்தார். துளைக்கருவி வாங்க வருகிறவர் அரைமணி நேரம் அவரிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெட்டியின் பட்டைக்கோட்டை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு, ஆன்லைனில் வரியில்லாமல் வாங்கப் போய்விடுவாராம். "எனக்கு அந்த ஆறு சதவீதம் கூடப் பெரிசில்லை. என் கண்ணெதிரே படம் பிடிக்கிறான் பார், அதுதான்" என்பார். பொருளாதார நிபுணர்கள் மூன்று பேர் சாட்சி சொல்லியும் குழுவில் எடுபடாதது, அந்த ஒரு கதையில் எடுபட்டது.

#6 கொங்குத்தம்பி

அண்ணா, கத நல்லா இருக்குது. ஆனா தீர்ப்புல எதிர்த்து எழுதுன தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் என்ன சொன்னாருன்னும் சொல்லோணும். நாட்டுல 10,000-க்கு மேல உள்ளூர் வட்டாரம் விற்பனை வரி போடுது. டெக்சாஸ்ல சும்மா டியோடரண்டுக்கு 6.25 சதவீதம், வேர்வையத் தடுக்குற மருந்து சேந்த டியோடரண்டுக்கு வரி கெடையாது. நியூ ஜெர்சில சொட்டர் பின்ன நூல் வாங்குனா வரி இல்லீங்க, கலைப்பொருள் செய்ய அதே நூல் வாங்குனா வரி. இல்லினாய்ல ட்விக்ஸ் சாப்பாடு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய், ரெண்டுக்கும் வேற வேற வரி. இதெல்லாம் நாஞ் சொல்றதில்ல, தீர்ப்புல இருக்குது. பெரிய கம்பெனி மென்பொருள் வாங்கிச் சமாளிச்சுக்குவான். கேரேஜ்ல பேக் பண்ற அக்கா என்ன பண்ணும்? அதத்தான் ராபர்ட்ஸ் கேட்டாரு. அவரு பக்கம் நின்னவங்க பிரேயர், சோட்டோமேயர், ககன். கின்ஸ்பர்க் அந்தப் பக்கம். கட்சி பாத்துப் பிரிஞ்ச வழக்கும் இல்லீங்க இது.

#7 மிட்டாய்க்கடை

ஒரு நிமிஷம். ட்விக்ஸ் எப்படி சாப்பாடு ஆச்சு?

#8 கணக்குப்பிள்ளை

மாவு அக்கா, மாவு.

24 மாநிலங்கள் சேர்ந்து, வரி விகிதம் வேறயா இருந்தாலும் சொற்களுக்கு அர்த்தமாவது ஒண்ணா இருக்கட்டும்னு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. 2005-லேர்ந்து அமல்ல இருக்கு. உங்க நியூ ஜெர்சியும் அதுல உண்டு. அதுப்படி மிட்டாய்னா சர்க்கரை, தேன் மாதிரி இனிப்போட சாக்லெட், பழம், கொட்டை ஏதாவது சேர்த்து வில்லையாவோ துண்டாவோ செஞ்சது. மாவு இருந்தா அது மிட்டாய் கிடையாது, உணவு. ட்விக்ஸ் உள்ள பிஸ்கட் இருக்கு, அதுல மாவு. ஸ்னிக்கர்ஸ்ல இல்ல.

இன்னும் கேளுங்க. மாவு உள்ள இருந்தா மட்டும் போதாது. லேபிள்ல இருக்கற மூலப்பொருள் பட்டியல்ல 'ஃப்ளோர்'ங்கற வார்த்தை இருக்கணும். எதோட மாவா இருந்தாலும் பரவாயில்ல, கோதுமையா இருக்கணும்னு இல்ல.

கடலை மிட்டாய்: வெல்லம், கடலை. மாவு இல்ல. மிட்டாய். வரி உண்டு.
எள்ளுருண்டை: அதே கதிதான்.
மைசூர்பாகு: கடலை மாவு. உணவு. உணவுக்கு விலக்கு கொடுக்கற மாநிலத்துல வரி கிடையாது.

#9 மிட்டாய்க்கடை

அடக் கடவுளே. நான் இத்தனை நாளா மைசூர்பாகையும் மிட்டாய் வகையில போட்டு நியூ ஜெர்சிக்காரங்ககிட்டயும் வரி வாங்கிட்டிருந்தேனே!

இப்பதான் கேரேஜுக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை, நெய், 'பேசன்'னு (கடலை மாவோட இந்திப் பேரு) போட்டிருக்கு. ஃப்ளோர்ங்கற வார்த்தை எங்கயும் இல்ல.

#10 கணக்குப்பிள்ளை

அப்போ விதியை எழுத்துப்படி பார்த்தா இப்போதைக்கு அது மிட்டாய்தான் :) நீங்க வாங்கினது தப்பில்ல. வாங்கினதை அரசுக்குக் கட்டியும் இருக்கீங்க, விடுங்க. இறக்குமதியாளரை லேபிள் மாத்தச் சொல்லுங்க.

#11 வடமராட்சியான் | பாஸ்டன்

எங்கட அம்மா எள்ளுப்பாகு இடிச்சுப் பிடிக்கேக்குள்ள வறுத்த உளுத்தம்மாவும் போடுறவ. அப்ப யாழ்ப்பாணத்து எள்ளுப்பாகு சாப்பாடு, உங்கட ஊர் எள்ளுருண்டை மிட்டாய். ஒரே எள்ளுத்தான், அங்கால வரி, இங்கால இல்லை. நல்ல நாடு.

#12 நெறியாளர்

ஏஐ ஆணை பற்றிய பேச்சைத் தனி இழைக்கு மாற்றலாம் என்று பார்த்தேன். ஆனால் பேச்சு ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகிறது. இங்கேயே இருக்கட்டும். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

#13 டென்வர் தங்கம் | கொலராடோ

கொங்குத்தம்பி, அந்த ஆணையில எங்க ஊர்ச் சட்டத்தைப் பேர் சொல்லித் திட்டியிருக்கு தெரியுமில்ல? 2024-ல கொலராடோ போட்ட சட்டம். வேலைக்கு எடுக்கறது, வாடகை வீடு கொடுக்கறது, கடன் கொடுக்கறது மாதிரி விஷயங்கள்ல ஏஐ ஆளைப் பார்த்து ஓரவஞ்சனை பண்ணக்கூடாதுன்னு. அது இன்னும் அமலுக்கே வரலை. தொழில்துறை அழுத்தம் தாங்காம இந்த ஆகஸ்ட்ல சட்டமன்றமே 2026 ஜூன் 30-க்குத் தள்ளி வச்சுது. ஆளுநருக்கே கையெழுத்துப் போடும்போது தயக்கம்தான். அதனால சட்டம் கச்சிதம்னு நான் வாதாட வரலை. ஓட்டை இருக்கு. ஆனா ஓட்டையை அடைக்க நான் டென்வர்ல ஒரு பஸ் ஏறினா போதும், சட்டமன்றக் குழு முன்னாடி நின்னு மூணு நிமிஷம் பேசலாம். வாஷிங்டன்ல யாரைப் பார்ப்பேன்?

இன்னொண்ணு. ஒரு ஆணையால மாநிலச் சட்டம் செல்லாமப் போயிடாது. மாநிலங்கள் மேல வழக்குப் போட மத்திய அரசோட நீதித்துறையில ஒரு குழு, கிராமப்புற இணையத்துக்கான நிதியைக் காட்டி மிரட்டல், முக்கியமா இதுதான். அந்த நிதி 4,245 கோடி டாலர்ங்கறதால மிரட்டல் சின்னதுன்னும் சொல்ல முடியாது.

#14 கொங்குத்தம்பி

அதேனுங்க காங்கிரஸே சட்டம் போட்டா ஒத்துக்குவீங்களா?

#15 சபைக்காரன்

என்ன சட்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வதா என்று பார்க்கலாம். இந்த வருடம் மே மாதம் பிரதிநிதிகள் சபை 215க்கு 214 என்று நிறைவேற்றிய பெரிய மசோதாவில் ஒரு பத்தி இருந்தது. பத்து வருடத்துக்கு மாநிலங்கள் ஏஐ பற்றிய சட்டங்களை அமல்படுத்தக் கூடாது. சரி, மாநிலங்கள் செய்ய வேண்டாம், மத்தியில் என்ன விதி? ஒன்றும் கிடையாது. மாநிலச் சட்டம் கூடாது என்பது மட்டும்தான் விதி.

அதை முறித்தது யார் என்று பாருங்கள். டென்னசியின் குடியரசுக் கட்சி செனட்டர் மார்ஷா பிளாக்பர்ன். அவருடைய மாநிலத்தில்தான் நாஷ்வில் இருக்கிறது, பாட்டுக்காரர்கள் ஊர். பாடகர் குரலை ஏஐ வைத்துத் திருடக் கூடாது என்று 2024-இல் டென்னசி ஒரு சட்டம் போட்டிருந்தது. அது செத்துப்போகும் என்று அவருக்குப் புரிந்தது. பத்து வருடத்தை ஐந்தாக்கி ஒரு சமரசம் பேசினார், அதுவும் உடைந்தது. ஜூலை 1 விடியற்காலையில் செனட் வாக்கெடுப்பு, 99க்கு 1. இந்தக் காலத்தில் செனட்டில் 99 பேர் ஒன்றாகக் கை தூக்கும் விஷயம் எத்தனை?

பழைய உதாரணமும் ஒன்று இருக்கிறது. 2017 டிசம்பரில் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் இணைய நடுநிலை விதிகளை (இணைய நிறுவனம் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பவை) நீக்கியது. நீக்கிய கையோடு, மாநிலங்களும் இதில் சட்டம் போடக் கூடாது என்று எழுதி வைத்தது. அடுத்த வருடம் கோடையில் கலிபோர்னியாவில் மெண்டசீனோ காட்டுத்தீ. சாண்டா கிளாரா வட்டாரத் தீயணைப்புத் துறையின் ஒருங்கிணைப்பு வண்டி, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிற வண்டி, அதன் இணைய வேகத்தை வெரைசன் இறுக்கிவிட்டது. மாதக் கணக்கு அளவு தாண்டிவிட்டதாம். வேகம் வேண்டுமானால் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில். எங்கள் தவறுதான் என்று நிறுவனமே பிறகு ஒத்துக்கொண்டது. நுணுக்கமாகப் பார்த்தால் அது நடுநிலை மீறலா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் கலிபோர்னியாத் தலைநகர் சாக்ரமெண்டோவில் அந்த வண்டிதான் பேச்சு. 2018 செப்டம்பர் 30, ஆளுநர் பிரவுன் எஸ்.பி. 822-இல் கையெழுத்திட்டார். சில மணி நேரத்தில் மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது. 2021-இல் ஆட்சி மாறியதும் வாபஸ். 2022 ஜனவரியில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. காரணம் ரொம்ப எளிமை. இது என் அதிகாரத்துக்குள் வராது என்று மத்திய ஆணையம் கையைக் கழுவிவிட்டது, அதிகாரம் இல்லாதவன் அடுத்தவனைத் தடுக்க முடியாது.

2024-இல் ஆணையம் விதிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த ஜனவரி 2-ஆம் தேதி ஆறாவது சுற்று நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. இன்றைக்கு நாட்டில் இணைய நடுநிலை உயிரோடு இருப்பது மாநிலப் புத்தகங்களில் மட்டும்தான்.

#16 ஏரிக்கரை | பஃபலோ, நியூயார்க்

எங்க ஊர்க் கதையையும் போடறேன். ஏழைக் குடும்பங்களுக்கு மாசம் 15 டாலருக்கு 25 மெகாபிட், இல்லைன்னா 20 டாலருக்கு 200 மெகாபிட் இணையம் கொடுக்கணும்னு நியூயார்க் 2021-ல சட்டம் போட்டுது. கம்பெனிகள் வழக்குக்குப் போய் நாலு வருஷம் இழுத்தாங்க. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் கேக்க மாட்டேன்னு சொன்னதும் இந்த ஜனவரி 15 முதல் அமல். அதுக்குள்ள 30 டாலர் மத்திய உதவித்தொகை 2024 ஜூன்ல நின்னே போச்சு.

ஆனா அதே நாள் ஏடி அண்ட் டி தன்னோட 5ஜி வீட்டு இணையச் சேவையை நியூயார்க்லேர்ந்து எடுத்துட்டுப் போயிடுச்சு. இந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுன்னு. கொங்குத்தம்பி சொல்றதுலயும் விஷயம் இருக்கு. சட்டம் போட்டா கிளம்பறவனும் இருப்பான்.

#17 கொங்குத்தம்பி

ஏதோ ஒருத்தராவது சொன்னீங்களே, சந்தோசம்.

#18 கணக்குப்பிள்ளை

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இது ஏன் விசித்திரமா தெரியுதுன்னு ஒரு வரி சொல்லிடறேன். இந்தியாவுல தபால், தொலைபேசி, ஒலிபரப்பு எல்லாம் மத்தியப் பட்டியல், 31-வது பதிவு. இணைய நடுநிலைக்குச் சென்னைக் கோட்டையில மசோதாவே கொண்டுவர முடியாது. 2016-ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), தளத்துக்குத் தளம் வேற வேற டேட்டா விலை போடக்கூடாதுன்னு ஒரே ஒழுங்குமுறையில நாடு பூராவுக்கும் சொல்லிடுச்சு. விற்பனை வரியும் 2017-லேர்ந்து ஜிஎஸ்டி, எந்தப் பண்டத்துக்கு எந்த விகிதம்னு ஒரே கவுன்சில். இங்க அப்படி ஒரு மேசையே கிடையாது. அதுக்காக அங்க மாவுச் சண்டை இல்லைன்னு நினைச்சுடாதீங்க. பரோட்டாவுக்கு 18 சதவீதமா 5 சதவீதமான்னு அங்கயும் வழக்கு நடந்திருக்கு.

அப்புறம் இல்லினாய்க்காரனா ஒரு வார்த்தை. 2008-ல எங்க மாநிலம் கைரேகை, முகம் பத்தி ஒரு சட்டம் போட்டுது. கேக்காம பதிவு பண்ணா ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர், தெரிஞ்சே பண்ணா 5,000. விரலை வச்சுப் பணம் கட்டற கம்பெனி ஒண்ணு திவாலாகி, ஜனங்களோட ரேகையை யாருக்கு விப்பாங்களோன்னு பயம் வந்தப்ப போட்ட சட்டம் அது. பல வருஷம் யாரும் கண்டுக்கலை. அதை வச்சுத்தான் பின்னாடி ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கட்டுச்சு. சின்ன ஓட்டல்காரங்களும் வருகைப் பதிவுக் கருவி வச்சு மாட்டினாங்க, அதனால 2024-ல சட்டத்தைத் தளர்த்தினாங்க. போடறாங்க, தப்பாகுது, திருத்தறாங்க. தெற்கு டகோட்டாவோட 200 போன கதையும் அதேதான்.

#19 டென்வர் தங்கம்

அக்கா, மாநிலத்துக்கு ஃபோன் பண்ணீங்களா?

#20 மிட்டாய்க்கடை | 2025 டிசம்பர் 19

பண்ணேன். 40 நிமிஷம் காத்திருந்து ஒரு அம்மா எடுத்தாங்க, நல்லவங்க. சந்தைத் தள ஆர்டரையும் எண்ணணுமாம் அவங்க மாநிலத்துல. அதனால 214, 214-தான். தப்பிக்கலை.

கணக்கர்கிட்ட உட்கார்ந்து பார்த்ததுல, போன வருஷம் டிசம்பர் கடைசியில, வருஷம் முடிய ரெண்டு நாள் இருக்கறப்ப 200-ஐத் தாண்டியிருக்கேன். அதனால இந்த வருஷ விற்பனைக்குத்தான் பாக்கி. என் தளத்துல இந்த வருஷம் அந்த மாநிலத்துக்குப் போனது 3,100 டாலர். முறுக்கு 600, அது உணவு, வரி இல்ல. கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் 1,700. அங்க 7 சதவீதம், அப்போ 119 டாலர். மைசூர்பாகு 800. மிட்டாய்னா இன்னொரு 56. வாடிக்கையாளர்கிட்ட நான் வாங்காத வரி, கையிலேர்ந்துதான் போகும். கணக்கருக்கு 450.

119-ஓ 175-ஓ கட்ட 450! கொங்குத்தம்பி, இந்த இடத்துல நீங்க சொன்னது எனக்கு வலிச்சுது. ஆனா எங்க தெரு முனையில ஒரு மளிகைக்கடை அண்ணா இருக்கார். அதே கடலை மிட்டாயை வரி போட்டு விக்கறார், நான் இல்லாம அனுப்பறேன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டினார். அப்போ சிரிச்சிட்டு வந்துட்டேன். சபைக்காரன் அண்ணா சொன்ன இரும்புக்கடைக்காரரைப் படிச்சதும் அவர் முகம்தான் ஞாபகம் வந்துது.

#21 சபைக்காரன்

அந்த 200-ஐ எடுக்கச் சொல்லி அந்த மாநிலத்துக்கு எழுதுங்கள். விற்பனை வரி பார்க்கிற குழு எது என்று சட்டமன்றத் தளத்திலேயே இருக்கும். ஓட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, கட்டாய வசூலாளர் ஆகிவிட்டீர்களே, பேசும் உரிமை உண்டு. 450க்கும் 119க்கும் உள்ள கணக்கை முதல் பத்தியிலேயே போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஜனவரியில் அவர்கள் மேசையில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். நான் வேண்டுமானால் வரைவு பார்த்துத் தருகிறேன்.

#22 கொங்குத்தம்பி

நானும் கையெழுத்துப் போடறனுங்க. ஆனா காங்கிரஸ்தான் செய்யோணும்ங்கறதுல மாத்தமில்ல.

#23 மிட்டாய்க்கடை | 2025 டிசம்பர் 20

வரைவை அனுப்பிட்டேன் அண்ணா, பாருங்க.

இறக்குமதியாளர்கிட்டயும் பேசினேன். 'கிராம் ஃப்ளோர்'னு மாத்திடலாம், ஆனா பழைய லேபிள் நாலாயிரம் அச்சடிச்சு வச்சிருக்கேன், அது தீரட்டும்னார். பொங்கல் சரக்கு பழைய லேபிளோடதான் வரும்.

#24 வடமராட்சியான்

அப்ப தைப்பொங்கல் மட்டும் மைசூர்பாகு மிட்டாய்தான்.